தாராவியில் ஆலோசனை சொல்ல வருகிற பிள்ளைகளுக்கு

மும்பையின் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வளர்ந்து, உளவியலோ சமூகப்பணியோ படித்துவிட்டு, தாராவியின் ஆலோசனை அறைகளில் வந்து உட்காரப்போகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேர் பையில் வில்லியம் கிளாஸரின் தேர்வுக் கொள்கை இருக்கிறது. நல்ல கொள்கைதான், எனக்கும் அதனால் நிறையக் காரியம் ஆகியிருக்கிறது. ஆனால் மனிதர்கள் தங்கள் நடத்தையைத் தாங்களே தேர்ந்துகொள்கிறார்கள் என்று சொல்கிற ஒன்றை, ஒரே கோலியில், அதாவது ஒற்றை அறையில், ஆறு பேர் படுக்கிற வீட்டுக்குள் எடுத்துப் போவதற்கு முன்னால் சிலவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். எண் போட்டுத் தருகிறேன். வரிசையில் பெரிய அர்த்தம் ஒன்றும் இல்லை.

1. கொள்கை எங்கே பிறந்தது என்று பாருங்கள்.

கிளாஸர் 1925-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் பிறந்தவர். முதலில் கெமிக்கல் எஞ்சினியரிங், பிறகுதான் மனநல மருத்துவம். 1956-இல் கலிஃபோர்னியாவில் வென்ச்சுரா என்ற ஊரில், குற்றம் செய்து பிடிபட்ட பெண்பிள்ளைகளை வைத்திருந்த அரசுச் சீர்திருத்தப் பள்ளிக்கு ஆலோசகராகப் போனார். அந்தக் காலத்து மனநல மருத்துவம் ஃப்ராய்டு வழியில் குழந்தைப் பருவத்தைத் தோண்டிக்கொண்டிருந்தது. இவர் அதை ஓரமாக வைத்துவிட்டு, இப்போது என்ன செய்கிறாய், அதனால் உனக்கு வேண்டியது கிடைக்கிறதா என்று கேட்டார். அந்த அனுபவத்தோடு 1965-இல் ‘ரியாலிட்டி தெரபி’ வந்தது. அதற்கு அடியில் இருந்த கருத்தை வெகுகாலம் கட்டுப்பாட்டுக் கொள்கை என்று சொல்லிவந்தார். பிறகு தேர்வுக் கொள்கை என்று பெயரை மாற்றி 1998-இல் புத்தகமாக்கினார். 2013-இல் காலமானார்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது அந்தப் பள்ளியின் பூட்டைத்தான். வெளியே போவதா வேண்டாமா என்பது அந்தப் பெண்கள் கையில் இல்லை. உள்ளே இருக்கும்வரை படிப்பதா, சண்டை போடுவதா, வார்டனிடம் பேசுவதா, முகத்தைத் திருப்பிக்கொள்வதா என்பது மட்டும் அவர்கள் கையில் இருந்தது. தேர்வைப் பற்றிய இவ்வளவு பெரிய பேச்சு பூட்டிய கட்டடத்துக்குள் வளர்ந்ததை, அமெரிக்காவில் வசதியான வீடுகளுக்கு அதை எடுத்துப்போனவர்கள் மறந்துவிட்டார்கள். தாராவியில் மறக்க முடியாது.

2. ஐந்து தேவைகளை ஏணியாக அடுக்காதீர்கள்.

கல்லூரியில், கீழே உள்ள தேவை தீர்ந்தால்தான் மேலே உள்ளது எழும் என்கிற மாஸ்லோவின் முக்கோணத்தை வரைந்து மார்க் வாங்கியிருப்பீர்கள். (அவருடைய 1943 கட்டுரையில் முக்கோணமே கிடையாது, நிர்வாகவியல்காரர்கள் பின்னால் வரைந்தது.) கிளாஸர் கணக்கு வேறு. உயிர் பிழைத்திருப்பது, அன்பும் ஒட்டுறவும், வல்லமை, சுதந்திரம், குதூகலம் என்ற ஐந்தும் எல்லோருக்கும் பிறவியிலேயே உண்டு. ஒருவருக்கு ஒன்று தூக்கலாக இருக்கும், அடுத்தவருக்கு வேறொன்று. வல்லமை என்றதும் அடுத்தவரை மிதிப்பது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். செய்த வேலையை நாலு பேர் மதிக்க வேண்டும், தன் பேச்சுக்கு வீட்டில் ஒரு காதாவது இருக்க வேண்டும் என்ற ஆசையும் அதுதான்.

ஜனவரியில் தாராவியின் நயன்டி ஃபீட் ரோட்டுக்கு வந்து பாருங்கள். தெருவில் வரிசையாக அடுப்பு மூட்டிப் பெண்கள் பொங்கல் வைப்பார்கள். தண்ணீர் வருகிற நேரத்துக்குக் குடத்தோடு ஓடுகிற அதே பெண்கள்தான். புதுச் சேலை, கோலம், யார் பானை முதலில் பொங்கியது என்ற போட்டி எல்லாம் உண்டு. தண்ணீருக்கே வழியில்லை, இதெல்லாம் எதற்கு என்று கேட்கிற உறவினர் உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். அவர் மாஸ்லோவைப் படிக்காமலே முக்கோணக்காரர்.

இட்லி வியாபாரியை எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி மாவாட்டி, விடியுமுன் அவித்து, சைக்கிளில் ஹார்ன் அடித்துக்கொண்டு ஊரெல்லாம் விற்றுவருகிற அண்ணாச்சியிடம், ஒரு பில்டிங்கில் செக்யூரிட்டி வேலைக்குப் போகலாமே, மாதம் முடிந்தால் சம்பளம் என்று அவர் மருமகன் சொல்லியிருப்பார். அண்ணாச்சி மறுப்பார். வீட்டில் அதை வீம்பு என்பார்கள். ‘எனக்கு மேல சேட்டு கிடையாது தம்பி’ என்று அவர் வாயாலேயே ஒருநாள் வரும். அதுவரை காத்திருங்கள். ஐந்தில் எது என்று நீங்களாகவே முத்திரை குத்திவிட்டால் அந்த வாக்கியம் வராமலே போய்விடும்.

3. டாக்ஸியைப் புரிந்துகொள்ளுங்கள்.

நடத்தையைக் கிளாஸர் ஒரு காராகச் சொல்வார். செயல், எண்ணம் இரண்டும் முன் சக்கரங்கள். உணர்ச்சி, உடம்பு இரண்டும் பின் சக்கரங்கள். ஸ்டியரிங் முன் சக்கரங்களைத்தான் திருப்பும், பின் சக்கரங்கள் தொடர்ந்து வரும். சயானுக்குத் தெற்கே ஆட்டோ ஓடாத ஊர் இது. மூன்று சக்கரத்தில் இந்தக் கணக்கும் வராது. ஆகவே டாக்ஸி என்றே சொல்லுங்கள், உடனே புரிந்துகொள்வார்கள்.

புருஷன் ஊருக்குப் போய் வெகுநாள் போனே செய்யாத ஒரு பெண் வருகிறாள். முறுக்குச் சுட்டு விற்கிறாள். நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் இல்லை, அடுப்படியில் நிற்கவே பிடிக்கவில்லை என்கிறாள். முதலில் உடம்பு. ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, டிபி எதையும் பார்க்காமல் மனசு என்று முடிவுகட்டாதீர்கள். சோட்டா சயான் என்று சொல்கிற தாராவி சுகாதார மையத்துக்கு அனுப்புங்கள். உடம்பில் கோளாறு இல்லை என்று தெரிந்த பிறகுதான் டாக்ஸி. ‘கவலைப்படாதே’ என்பது பின் சக்கரத்தைக் கையால் திருப்பப் பார்ப்பது. அவளால் முடியாது, யாராலும் முடியாது. அவள் விட்டுவிட்ட சின்னக் காரியங்களைக் கேளுங்கள். பக்கத்து வீட்டு அக்காவோடு சாயங்காலம் உட்கார்ந்து பேசுவது நின்றுபோயிருக்கும். சீட்டுக்குப் பணம் கட்டப் போவது நின்றுபோயிருக்கும், போனால் புருஷனைப் பற்றிக் கேட்பார்களே என்று. அதில் எதை இந்த வாரம் திரும்பத் தொடங்கலாம் என்று அவளையே கேளுங்கள். புருஷன் போன் செய்ய மாட்டான். அதை இந்த டாக்ஸி கொண்டுவராது. ஆனால் தூக்கம் கொஞ்சம் வரும்.

4. தேர்வு என்ற சொல்லை வந்தவர் மேல் எறியாதீர்கள்.

மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

கிளாஸரை அரைகுறையாகப் படித்தவர்கள் செய்கிற அநியாயம் ஒன்று உண்டு. துக்கத்தோடு வந்தவரிடம், இந்தத் துக்கத்தை நீங்களேதான் தேர்ந்துகொண்டிருக்கிறீர்கள் என்று சொல்லிவிடுவார்கள். கொள்கைப்படி அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். அறையில் அது அடிதான். ஏற்கெனவே சேட்டும் மாமியாரும் பள்ளிக்கூடமும் ‘எல்லாம் உன்னாலதான்’ என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது, ஃபேன் போட்ட அறையில் உட்கார்ந்து நீங்களும் அதையே நயமாகச் சொன்னால் அதற்கு எந்தப் படிப்பும் தேவையில்லை.

நான் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது இது. முதலில், எது கையில் இல்லை என்பதை வந்தவரோடு சேர்ந்து எண்ணுங்கள். வாய்விட்டு எண்ணுங்கள். இப்போது தாராவியில் பாதிக் குடும்பங்களை ஆட்டிவைக்கிற மறுசீரமைப்பையே பாருங்கள். 2024 மார்ச்சில் வீடுவீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. கதவுக்குக் கதவு எண் போட்டார்கள். 2000 ஜனவரி 1-க்கு முன்னால் இங்கே இருந்ததற்குக் காகிதம் இருந்தால் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி. அதற்குப் பின்னால் வந்தவர்களுக்கும் மேல்மாடியில் இருப்பவர்களுக்கும் வேறு விதி, வேறு இடம். ஒரு தோல் பட்டறைத் தொழிலாளி வந்து, வீட்டில் தினமும் சண்டை, கைக்குழந்தையிடம்கூடக் கத்திவிடுகிறேன் என்கிறார். அவர் பழைய ரேஷன் கார்டைத் தேடிக்கொண்டிருக்கிறார். அப்பா காலத்து மின்சார பில் மழையில் நனைந்து போயிருக்கிறது. பட்டறை இடம் மாறினால் வேலை இருக்குமா என்பதும் தெரியாது.

இதில் கட்-ஆஃப் தேதி அவர் கையில் இல்லை. பட்டறை முதலாளியின் முடிவு, மேல்மாடிக்கு என்ன விதி என்பது, எல்லாமே வேறு யாரோ கையில். இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல மனுஷன் நிமிர்ந்து உட்காருவதைப் பார்ப்பீர்கள். தன்னை யாரும் குற்றம் சொல்லவில்லை என்று தெரிந்தவுடன் உடம்பின் இறுக்கம் தளரும். பிறகு மிச்சத்தை எண்ணுங்கள். காகிதத்துக்கு எந்தச் சங்கத்தைப் பார்ப்பது, யாரோடு போவது. மனைவியிடம் எந்த நேரத்தில் இதைப் பேசுவது, எந்த நேரத்தில் பேசாமல் இருப்பது. ராத்திரி பத்து மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில் வருகிற வதந்தியைப் பார்ப்பதா வேண்டாமா. இவ்வளவுதானா என்று உங்களுக்குச் சப்பென்று இருக்கும். அவருக்கு அந்த வாரம் வீட்டில் குழந்தை அழாமல் தூங்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கையில் இல்லாதது என்று நீங்கள் எழுதுகிற பட்டியலை ஆலோசனை அறைக்குள்ளேயே புதைத்துவிடாதீர்கள். பத்துப் பேர் வந்து அதே காகிதத்தைச் சொன்னால் அது மனசின் பிரச்சினை இல்லை. அதைக் காகித வேலை பார்ப்பவர்களிடம், வக்கீலிடம், சங்கத்திடம் சொல்லுங்கள். ஒருவர் தனியாக எட்ட முடியாததைப் பலர் சேர்ந்து எட்டியதற்கு இதே தாராவியில் எத்தனையோ சாட்சி உண்டு. கிளாஸர் இதைப் பற்றி அதிகம் எழுதவில்லை. அது அவர் கொள்கையில் ஒரு ஓட்டை என்றே நான் சொல்வேன்.

5. நாலு கேள்வி.

கிளாஸரின் வழியில் வந்த ராபர்ட் உபோல்டிங் என்ற ஆலோசகர் முறையை நாலு கேள்வியாகச் சுருக்கினார். அறையில் அவை இப்படி வரட்டும்: ‘உங்களுக்கு என்ன வேணும்?’ ‘இப்ப என்ன செஞ்சிட்டிருக்கீங்க?’ ‘அதனால ஆவுதா?’ ‘அப்ப நாளைக்கு என்ன செய்யலாம்?’ மூன்றாவது கேள்வியில்தான் எல்லாமே இருக்கிறது, கெட்டுப்போவதும் அங்கேதான். அதை அம்மா குரலில் கேட்டால் திட்டாகிவிடும், வாத்தியார் குரலில் கேட்டால் பரீட்சையாகிவிடும். உண்மையிலேயே பதில் தெரியாத ஆளாகக் கேளுங்கள். உங்களுக்குத் தெரியாதுதானே. திட்டம் போடுகிறபோது அது அவர் ஒருவரே செய்யக்கூடியதாக, சின்னதாக, நாளைக்கே தொடங்கக்கூடியதாக இருக்கட்டும். ‘அவர் குடியை விட்டுட்டா’ என்று தொடங்குகிற எதுவும் திட்டம் ஆகாது.

6. அடி வாங்குகிறவளிடம் இந்த நாலு கேள்வியைக் கேட்காதீர்கள்.

அடிப்பவன் அடிப்பதைத் தேர்ந்துகொள்கிறான். அவள் வாங்குவதைத் தேர்ந்துகொள்ளவில்லை. இங்கே வேலை பாதுகாப்பு. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005-இலேயே வந்துவிட்டது. அதற்கும் வெகுகாலம் முன்னால், 1984-இல், தியோனாரில் இருக்கிற டாடா சமூக அறிவியல் கழகம் மும்பை போலீஸோடு சேர்ந்து பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான சிறப்புப் பிரிவைத் தொடங்கியது. அதை நடத்துவது பயிற்சி பெற்ற சமூகப்பணியாளர்கள். உங்கள் பகுதிக்கு எது, யார் என்பதை முதல் நாளே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையிடம் பாலியல் தொல்லை என்று காதில் விழுந்தால் 2012-இன் போக்சோ சட்டப்படி புகார் கொடுத்தே ஆகவேண்டும். யாருக்கும் சொல்ல மாட்டேன் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள்.

7. ஏழு பழக்கங்களை உங்கள் வீட்டிலிருந்து தொடங்குங்கள்.

உறவைக் கொல்கிற ஏழு பழக்கங்கள் என்று கிளாஸர் ஒரு பட்டியல் போட்டார். குறை சொல்வது, பழி போடுவது, புலம்புவது, நச்சரிப்பது, மிரட்டுவது, தண்டிப்பது, எதையாவது கொடுப்பதாகச் சொல்லி வழிக்குக் கொண்டுவருவது. படித்துவிட்டு நான் சிரித்தேன். நம் வீடுகளில் இதற்கு வளர்ப்பு என்று பெயர்.

தாராவியில் தேர்வு குறுகியது, மாட்டுங்காவில் விரிந்தது என்று நினைத்துக்கொண்டுதான் நீங்கள் பாலத்தைத் தாண்டி வருகிறீர்கள். கிங்ஸ் சர்க்கிளில் காபி குடித்துக்கொண்டு யோசித்துப் பாருங்கள். கோச்சிங் வகுப்பு, ஐஐடி, அது கிடைக்காவிட்டால் பக்கத்திலேயே விஜேடிஐ, பிறகு அமெரிக்கா. பையனுக்கு மிருதங்கமோ சமையலோ பிடித்திருக்கிறது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள். ‘ரேங்க் வந்தா பைக்’ என்பார் அப்பா. பட்டியலில் ஏழாவது. அம்மா எதுவும் சொல்ல மாட்டாள், சாப்பிடாமல் இருப்பாள். அது மிரட்டலா தண்டனையா என்று எனக்கே சந்தேகம், இரண்டும்தான் போலிருக்கிறது. பெண்பிள்ளை வீட்டில் வேறு மாதிரி: எல்லாவற்றிலும் சுதந்திரம் கொடுத்திருக்கோம் மாமி, ஜாதகம் மட்டும் நாங்க பார்ப்போம்.

தோல் பட்டறைக்காரருக்குக் கையில் இல்லாதது அரசாங்கத்திடம் இருக்கிறது. அதைக் காகிதத்தில் எழுதிவிடலாம். இந்தப் பையனுக்குக் கையில் இல்லாதது அன்பு என்ற பெயரில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருக்கிறது. எதில் மூச்சு அதிகம் முட்டும் என்று எனக்குத் தெரியவில்லை, ஒப்பிடவும் கூடாது. ஆனால் வசதி உள்ளவனுக்குத் தேர்வு தானாக வந்துவிடும் என்ற நினைப்போடு தாராவிக்கு வந்தீர்களானால், அங்கே உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்துப் பரிதாபம்தான் படுவீர்கள். பரிதாபத்தை அவர்கள் ஒரு நிமிஷத்தில் மோப்பம் பிடித்துவிடுவார்கள், அடுத்த வாரம் வர மாட்டார்கள்.

கிளாஸர் அந்த ஏழுக்கு மாற்றாகச் சொன்னதும் ஏழு: ஆதரிப்பது, ஊக்கம் கொடுப்பது, காதுகொடுப்பது, ஏற்பது, நம்புவது, மதிப்பது, வேற்றுமை வந்தால் பேசித் தீர்ப்பது. கடைசியைத் தவிர மற்றதெல்லாம் நமக்கு ஓரளவு வரும். பேசித் தீர்ப்பது என்றால் இரண்டு பக்கமும் ஏதாவது விட்டுக்கொடுக்க வேண்டும். பெரியவர்கள் விட்டுக்கொடுத்துப் பழக்கமில்லாத ஜாதி நாம்.

8. அவர் மனதில் இருக்கிற படங்களைக் கேளுங்கள்.

ஒவ்வொருவர் மனதிலும் தனக்கு மிக வேண்டிய மனிதர்கள், இடங்கள், பொருள்கள், நம்பிக்கைகள் படங்களாக இருக்கின்றன, நடத்தை எல்லாம் அந்தப் படத்தை நோக்கியே ஓடுகிறது என்பது கொள்கையின் இன்னொரு பாகம். தாராவியில் அப்பாவின் படத்தில் திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு வீடு, கோயில் கொடை, தலைக்கட்டு வரி கட்டி நிற்கிற மரியாதை. மகன் படத்தில் நவி மும்பையில் லிஃப்ட் உள்ள ஒரு ஃப்ளாட். அப்பா சேர்த்த பணத்தை ஊரில் செங்கலாக அடுக்குகிறார், மகன் இங்கே ஒரு அறை இல்லாமல் கல்யாணத்தைத் தள்ளிப்போடுகிறான். சண்டை பணத்தைப் பற்றி நடக்கிறது. இரண்டு பேரையும் உட்காரவைத்து, கண்ணை மூடினால் எந்த வீடு தெரிகிறது என்று கேட்டுப்பாருங்கள். சண்டை தீராது. ஆனால் எதைப் பற்றிச் சண்டை போடுகிறோம் என்பது அவர்களுக்குத் தெரியவரும்.

9. மருந்து விஷயத்தில் கிளாஸர் பேச்சைக் கேட்காதீர்கள்.

2003-இல் அவர் எழுதிய ஒரு புத்தகத்தின் தலைப்பே, மனநல மருத்துவம் உங்கள் மனநலத்துக்குக் கேடாகலாம் என்று எச்சரிக்கிறது. மாத்திரையை அவசரமாக எழுதித்தருவதில் அவருக்கு இருந்த கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் காதில் குரல் கேட்கிறது என்பவரையும், நாலு நாளாகத் தூங்காமல் ராஜா மாதிரிப் பேசுகிறவரையும், பிள்ளை பெற்ற பிறகு குழந்தையைப் பார்த்தே பயப்படுகிறவளையும் ஐந்து தேவைகளை வைத்து அளந்துகொண்டிருக்காதீர்கள். சயான் ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு அனுப்புங்கள், முடிந்தால் கூடவே போங்கள். ஓபிடி வரிசையில் பாதிப் பேர் பயந்து திரும்பிவிடுவார்கள். சாகவேண்டும் போலிருக்கிறது என்று யாராவது சொன்னால், அந்தச் சொல்லை நேராகவே திரும்பக் கேளுங்கள், தனியாக விடாதீர்கள். மனநல உதவிக்கான டெலிமானஸ் எண் 14416 இரவு பகல் எப்போதும் இலவசம், மொழியைத் தேர்ந்துகொள்ளலாம். முயன்று பிழைத்தவர் வந்தால், 2017 மனநலச் சட்டம் அவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதுகிறது, போலீஸுக்குப் பயப்பட வேண்டாம் என்று வீட்டாருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

10. குதூகலத்தை விளையாட்டாக எடுக்காதீர்கள்.

ஐந்தில் இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். செம்பூரில் பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்க, மாமாவும் மாமியும் இரண்டு பெட்ரூமில் டிவியோடு இருப்பார்கள். மாத்திரை டப்பா நிறைந்திருக்கும், வங்கியில் பணமும் இருக்கும். கடைசியாக எப்போது சேர்ந்து சிரித்தீர்கள் என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். ஃபைன் ஆர்ட்ஸ் சபா கச்சேரிக்கு மறுபடி போக ஆரம்பித்ததே சில வீடுகளில் வைத்தியமாகியிருக்கிறது. கச்சேரி நன்றாக இருந்ததா என்று கேட்டால், காண்டீனைப் பற்றிப் பேசுவார்கள். பரவாயில்லை.

11. அறையைப் பற்றியும் நோட்டைப் பற்றியும்.

தாராவியில் தனியறை கிடைக்காது. சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மிஷின் ஓடும், அது நல்லதுதான், பேச்சு வெளியே கேட்காது. ஜன்னலுக்குத் திரை போடுங்கள். நோட்டில் பெயர், கோலி எண் எழுதாதீர்கள். அடையாளக் குறி மட்டும் போதும், நோட்டு பூட்டில் இருக்கட்டும். தண்ணீர் வருகிற நேரத்தில் யாருக்கும் அப்பாயின்ட்மென்ட் கொடுக்காதீர்கள், வர மாட்டார்கள். வராவிட்டால் ஆர்வமில்லை என்று நோட்டில் எழுதிவைக்காதீர்கள்.